இரண்டு ரப்பர் வளையங்கள்

பேரன்பிற்குரிய கணவருக்கு வணக்கம். தங்கள் முதுகுவலி தணிந்ததா? நான் நலமே.

இம்முறை காரின் இன்ஜின் ஆயிலை வாசலிலேயே நானே மாற்றினேன். பழையது வடியும்வரை பொறுக்கமாட்டாமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். புதிய ஃபில்டரை மாட்டி, ஆயிலை ஊற்றி, வண்டியைக் கிளப்பியதும் கீழே ஒழுகியது. மறுநாள் வேலைக்குச் செல்ல வேறு வழியில்லையே என்று பதறினேன். பக்கத்து வீட்டு ஓட்டுநர் குனிந்து பார்த்தார்.

“பழைய ஃபில்டரோட ரப்பர் இங்கயே ஒட்டிக்கிட்டிருக்கு, அது மேலயே புது ரப்பரையும் மாட்டியிருக்கீங்க. வண்டிக்கு ரெண்டு வளையல் போட்டு அழகு பாக்கறீங்களாக்கா?”

அதை உரித்தெடுத்து மீண்டும் பூட்டியபின் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆயினும் இருப்புக்கொள்ளாமல் அடிக்கடி சென்று தரையைத் தொட்டுப் பார்க்கிறேன். வேலைக்கென்று வந்த இவ்வூரில் விடுமுறை நாளில் வேறு யாரைப் போய்ப் பார்ப்பது?

இப்போதும் எழுந்துவிட்டேன், இத்துடன் நிறுத்துகிறேன். கை துடைக்கத் துணியில்லை. தங்கள் பழைய சட்டையொன்றை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டியதில்லை.

தங்கள் துணைவி