சம்பந்தி, கையைத் தாங்கோ

நம் பேத்தியின் கையுறைகள் அறையைச் சூடாக்கும் ஹைட்சுங்கின் மேல் காய்கின்றன. பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு முகாமிலிருந்து நேற்றுத்தான் திரும்பினாள். ஈரக் கம்பளியின் வாசம் வீடெங்கும் பரவியிருக்க, காலை வழிபாட்டுக்கு அமர்ந்த எனக்குப் பதிகத்தின் மூன்றாம் அடி மறந்துபோய், உங்கள் சிரிப்பு நினைவில் எழுந்தது.

உங்கள் மகன் என் மகளைத் தேவாலயத்தில் கைப்பிடித்த நாளில், நான் இங்கே லாங்கன்தாலில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் நாம் பேசவில்லை. வயிற்றுப்பிள்ளையோடிருந்த மகள்தான் நம்மிருவரையும் மாசி விடுமுறைக்கு அந்த மலைப்பட்டணத்துக்கு அழைத்துப்போனாள். "பிள்ளை பிறக்க முன்னம் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கவேணும் அப்பா. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை" என்றாள்.

கல் பாவிய ஒடுங்கிய தெருக்களில், சித்திரம் தீட்டிய பழஞ்சுவர்களினூடே, இரண்டு நாள் நீங்கள் முன்னும் நான் பின்னுமாக நடந்தோம். உங்களை அழைக்க நேர்ந்தபோதெல்லாம் "இஞ்ச பாருங்கோ" என்று சமாளித்தேன். சம்பந்தி என்று அழைத்தால் அந்தத் திருமணத்தையும் ஏற்றதாகிவிடும் என்று அஞ்சினேன்.

மூன்றாம் நாள் உங்கள் மகன் நம் கால்களில் சறுக்குக்கட்டைகளைப் பூட்டி, சரிவின் அடியில் நிறுத்தினான். மேலே ஓடும் கம்பியில் தொங்கிவந்தது ஒரு கோல். அதன் அடியில் குறுக்காக ஒரு கட்டை. இருவர் அருகருகே நின்று அதைப் பின்தொடையில் வைத்துக்கொண்டால், அது மேலே இழுத்துச் செல்லும்.

"மாமா, அதில இருக்காதேங்கோ. ஊஞ்சல் இல்லை. சும்மா நில்லுங்கோ, அதுவே இழுக்கும்."

நான் அதில் அமர்ந்தேன். மறுகணம் கட்டை தாழ, இருவரும் பனியில் கிடந்தோம். என் சறுக்குக்கட்டை உங்கள் கால்களுக்கிடையில் சிக்கியிருந்தது. நீங்களோ வானத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"கோயில்ல வருசக்கணக்காச் சரணாகதியைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறியளாம். ஒரு கட்டையை நம்பேலாமப் போச்சே!"

சினம் வரவேண்டிய இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. எழ முயன்றேன், முடியவில்லை.

"சம்பந்தி, கையைத் தாங்கோ."

"என்னண்டு கூப்பிட்டனீங்கள்?"

"கையைத் தாங்கோ எண்டன்."

"அதுக்கு முன்னால ஒண்டு சொன்னனீங்கள்."

"குளிருக்கு நாக்குத் தடுமாறிப் போச்சு."

"அப்ப இன்னொருக்காத் தடுமாறட்டும்."

சொன்னேன். நீங்கள் கையை நீட்டினீர்கள். ஓரத்தில் நின்ற மகள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை ஒரே அறையில் நீங்கள் செபமாலை உருட்ட, நான் குரலைத் தாழ்த்தி ஓதினேன். "ஏன் மெல்லமாச் சொல்லுறியள்? எனக்கும் கேக்கட்டுமன்" என்றீர்கள். கற்றவை பல இருந்தும், பிறர் இறைவனைத் தொழும்போது அருகில் எப்படி இருப்பது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில்தான் கற்றேன். அதன்பின் பாசலில் உங்கள் வீட்டிலும் இங்கும் நாம் பேசிக் கழித்த ஆண்டுகளை நான் தேடிப் பெறவில்லை. விழுந்த இடத்தில் அருளப்பட்டன. உங்களுக்கும், மன்னிப்புக் கேட்க என்னை விடாமல் சிரிக்க வைத்த அந்தப் பெருந்தன்மைக்கும் என் நன்றி.

நீங்கள் மறைந்தபின் வந்த ஆடி அமாவாசையன்று, தந்தையாருக்கு நீர் வார்த்து முடித்து, இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி உங்கள் பெயரைக் கூறினேன். கிறிஸ்தவப் பெயரைக் கேட்டு ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேதக்காரப் பெயரெல்லே? ஆர் உங்களுக்கு?"

"என்ர சம்பந்தி, ஐயா."

அவர் தர்ப்பையைத் திருத்திக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நீரை வார்க்கிறேன். இப்போது ஐயர் கேட்பதில்லை. ஆயினும் பெயருக்கு முன்னால் அந்த உறவுமுறையை நானே சொல்லிவிடுகிறேன்.