பதினேழாம் பக்கத்தில் இருக்கும் என் சிரிப்பு

அனுப்புநர்:
திருமதி பஸ்ரியன் அன்ரோனெற்,
கடற்கரை வீதி,
தாழ்வுபாடு,
மன்னார்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மாகாண வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: தங்கள் பிரிவு வெளிநாடுகளுக்கு அனுப்பிய ‘எழும் கரை’ என்னும் நூலின் 17ஆம் பக்கத்தில் என் கணவரைப் பற்றி வந்த தவறான செய்தியை மறுத்துக் கடிதம் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மன்னார் தீவில் தாழ்வுபாட்டில் வசிக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண். என் கணவர் பஸ்ரியன் கடற்றொழிலாளி. 2007ஆம் ஆண்டு மாசி மாதம் 14ஆம் திகதி பின்னேரம் அவர் மன்னார் பட்டினத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், வெள்ளை வானில் வந்த சீருடை அணியாத நால்வர் அவரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிளின் பின்னால் இருந்தவன் எங்கள் ஒரே மகன் வலன்ரைன். அப்போது அவனுக்கு வயது பதினாறு. அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியே வீட்டுக்கு வந்தான். என் கணவர் இன்றுவரை வரவில்லை.

இந்த மனுவை எனக்கு எழுதித் தருபவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஜனாப் காமில் அவர்கள். ‘காணாமற்போன கணவர்’ என்று எழுதுவதுதான் கந்தோர் வழக்கம் என்றார். என் கணவர் தாமாகப் போகவில்லை, ஆகவே ‘கொண்டுபோகப்பட்ட கணவர்’ என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

2. கண்ணால் கண்ட ஒரே சாட்சி என் மகன். 2013ஆம் ஆண்டு விசாரணைக் குழுவொன்று மன்னாருக்கு வந்தபோது அவன் எழுந்து நின்று கண்டதைச் சொன்னான். அதன் பின் நான்கு தடவை இனந்தெரியாதவர்கள் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கணவரைக் கொடுத்தவள் மகனையும் கொடுக்க மாட்டேன் என்று 2014இல் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அவன் அடைக்கலம் கேட்டிருக்கும் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று அவனுடைய சட்டத்தரணி சொன்னபடியால் இங்கே எழுதவில்லை.

3. 2015ஆம் ஆண்டு வைகாசி மாதம் தங்கள் பிரிவின் ஏற்பாட்டில் வெளிநாட்டுத் தூதரகத்தார், முதலீட்டாளர்கள், வெளிநாட்டில் வாழும் எங்கள் ஆட்கள் என்று ஏறத்தாழ முப்பது பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். முந்திய ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி அறிவித்தார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் எங்கள் ஊரைக் கேட்கவா வேண்டும்! கடற்கரை முழுவதையும் கூட்டினோம். பெருநாளுக்கு உடுக்கும் சீலையை எடுத்து உடுத்தோம். அவர்கள் இருப்பதற்கு வாங்குகளைக் கோவிலிலிருந்து தூக்கி வந்து போட்டோம்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி கொடுப்போம், துக்கத்தைப் பிறகு சொல்வோம். அன்றும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவர்கள் வாகனத்தில் ஏறிவிட்டார்கள்.

4. அவர்கள் வந்த நேரத்தில் நான் வலை வைக்கும் எங்கள் வாடியின் முன் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித் தங்களுக்கு விளக்கியே ஆக வேண்டும்.

அது என் கணவரின் நண்டு வலை. அவரைக் கொண்டுபோன நாளிலிருந்து அதில் கடல் தண்ணீர் பட்டதில்லை. ஆனால் வாடிக்குள் சும்மா கிடக்கும் வலையை எலி விடாது. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியே எடுத்து, வெயிலில் விரித்து, எலி கடித்த வலைக் கண்களைப் பொத்திச் சுருட்டி வைப்பேன். அவர் வந்தவுடன் தொழிலுக்குப் போக வலையைக் கேட்பார். வலை கிழிந்து கிடந்தால் மனிசனுக்குக் கோபம் வரும். என் தம்பி இரண்டு முறை இரவல் கேட்டான், கொடுக்கவில்லை. ஊரில் சிலர் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அவர்களும் என் முன்னால் சொல்வதில்லை.

5. தங்கள் பிரிவிலிருந்து வந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் என் அருகில் வந்து குந்தியிருந்து கதைத்தார். அடம்பன் பக்கத்துப் பிள்ளை. மரியாதையான பிள்ளை. ஆருடைய வலை என்று கேட்டார். அவருடையது என்றேன். எனக்குப் பின்னால் என் தம்பியின் புதிய படகை இழுத்து வந்து நிறுத்தினார்கள். படம் எடுப்பவர் நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். அப்போது அந்தப் பிள்ளை கேட்டார்: “அம்மா, உங்கட ஆக்கள் ஆரும் வெளியில இருக்கினமோ?”

“ஓம், மகன்” என்றேன்.

“அப்ப சிரியுங்கோ அம்மா. இந்தப் படத்தை வெளிநாடு முழுக்கக் கொண்டுபோய் வைக்கப் போறம். மகன் பாப்பார்.”

ஐயா, அதற்காகத்தான் சிரித்தேன். வேறு எதற்காகவும் அல்ல. அவன் போய் ஒரு வருடமாகியிருந்தது. எங்கேயாவது ஒரு மண்டபத்தில் நடந்து போகும்போது தாயின் முகத்தைக் கண்டு ஒரு நிமிடம் நிற்பான் என்று நினைத்தேன்.

6. மறு வருடம் ‘எழும் கரை’ நூல் வந்தது. மூன்று மொழிகளில் அச்சிட்டார்கள் என்றும் அவற்றில் தமிழ் இல்லை என்றும் அறிகிறேன். எங்கள் ஊரைப் பற்றிய நூல் எங்கள் ஊருக்கு ஒன்றுகூட வரவில்லை. 17ஆம் பக்கத்தில் என் படத்தின் கீழே இருப்பதை மகனின் வழக்குக்கு மொழிபெயர்ப்பவர் தமிழில் எழுதி அனுப்பினார். அதன்படி: ‘கடலுக்குப் புறப்படும் கணவர் பஸ்ரியனுக்காக வலையைச் செப்பனிடும் மன்னார்ப் பெண். அச்சம் நீங்கிய கரையில் இக்குடும்பத்துக்குத் தொழிலும் சிரிப்பும் திரும்பியுள்ளன.’

7. என் கணவரின் பெயர் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பின்னர் விளங்கியது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. தொழில் செய்கிறார் என்றே இருக்கிறது. வருடா வருடம் அதைப் புதுப்பிப்பவள் நான்தான். ஒரு வருடம் விட்டாலும் பெயரை வெட்டிவிடுவார்கள், வெட்டினால் அவர் வந்து திரும்பச் சேர்வதற்கு அலைய வேண்டும் என்று அப்படிச் செய்தேன். சங்கத்தாரும் தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டு பதிந்தார்கள். வாக்காளர் பட்டியலிலும் விட்டுக்கொடுக்கவில்லை. சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போய் என் தாய் தகப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்துவேன். அவருக்கு இதுவரை ஒன்றும் கொளுத்தியதில்லை.

ஆகவே தங்கள் பிரிவு வேண்டுமென்று பொய் எழுதியது என்று நான் முறையிடவில்லை. பட்டியலைப் பார்த்தார்கள், வலையைப் பார்த்தார்கள், சிரிப்பையும் பார்த்தார்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதுதான் என் மனத்தாங்கல்.

8. இவ்வருடம் ஆவணி மாதம் என் மகனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விசாரணை நடந்த அறையில் அந்த நூலை அவன் முன் விரித்து வைத்து, இது உன் தாயா என்று கேட்டார்களாம். ஓம் என்றான். பெற்ற தாயை இல்லை என்பானா? தகப்பன் கொண்டுபோகப்பட்டார் என்பது பொய், அவர் ஊரில் தொழில் செய்கிறார் என்று தீர்ப்பு எழுதினார்கள். பொலிஸ் முறைப்பாட்டைக் காட்டியபோது, அது 2007இல் எழுதியது, நூல் 2016இல் வந்தது, இடையில் தகப்பன் திரும்பியிருக்கலாம் என்றார்கள்.

தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. இதைச் சொல்வது கொழும்பு அரசாங்கம் அல்ல, இம்மக்களே வாக்களித்து அமைத்த மாகாண நிருவாகம், ஆகவே நம்பத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள். ஐயா, அந்த வாக்கில் ஒன்று என்னுடையது. வெயிலில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று போட்டேன்.

அன்று மகன் தொலைபேசியில் கதைத்தான். திட்டுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, படத்தில வடிவாச் சிரிச்சிருக்கிறியள்.”

9. மாகாணத்துக்கு வெளிநாட்டில் நல்ல பெயர் வேண்டும் என்பது எனக்கும் விளங்கும். எந்நேரமும் அழுதுகொண்டிருக்கும் இடத்துக்கு யார் தொழிற்சாலை கொண்டு வருவார்கள்? அந்த விருந்தாளிகளின் பயணத்தின் பலனாக வந்த நண்டு பதப்படுத்தும் நிலையத்தில் என் தங்கை மகளுக்கும் வேலை கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லாவிட்டால் நான் மனிசி இல்லை. ஆனால் சிரிப்பவர்கள் ஊரில் இல்லாமலா போனார்கள்? அன்றைக்கு வாங்கில் இருந்த றஞ்சிதம் அக்காவின் புருசன் மூன்று பெட்டி நண்டோடு கரைக்கு வந்திருந்தார். அவர்களை எடுத்திருக்கலாம்.

10. இது சம்பந்தமாக நான் இரண்டு தடவை யாழ்ப்பாணம் வந்து தங்கள் கந்தோருக்கு ஏறி இறங்கினேன். முதல் தடவை இருக்கக் கதிரை தந்தார்கள். பதில் தரவில்லை. இரண்டாம் தடவை மேலதிகாரி ஒருவர், நூலைத் திருத்தினால் அதைப் பெற்ற தூதரகங்களிடம் மாகாணத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார். பிறகு குரலைத் தணித்து, “அம்மா, மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டு வாங்கோ. அவர் செத்திட்டார் எண்டு பேப்பர் இருந்தா நாங்கள் உடன கடிதம் தாறம்” என்றார். மகனின் சட்டத்தரணியும் அப்படியொரு பத்திரம் இருந்தால் நல்லது என்கிறார். செத்தார் என்று சொல்லாமல் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் வேறு வகைச் சான்றிதழ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதற்கும் விண்ணப்பித்தேன். ஏழு வாரமாகப் பதில் இல்லை.

2011இல் ஊரில் பலர் மரணப் பதிவு செய்தபோது நான் மறுத்தேன். உதவி வரும் என்றார்கள், அப்போதும் மறுத்தேன். அவர் செத்தார் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. காட்டாத ஒன்றுக்கு எப்படிக் கையெழுத்து வைப்பது?

11. ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது:

நூலின் 17ஆம் பக்கத்தில் உள்ள செய்தி விசாரித்து எழுதப்பட்டதல்ல என்றும், படம் எடுத்த நாளில் என் கணவர் ஊரில் இருக்கவில்லை, 2007 முதல் அவரைப் பற்றி எத்தகவலும் இல்லை என்றும் தங்கள் முத்திரையுடன் ஒரு பக்கக் கடிதம் தர வேண்டும். மேன்முறையீட்டுக்கான ஆவணங்களைக் கார்த்திகை (நவம்பர்) 24ஆம் திகதிக்கு முன் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், 17ஆம் திகதிக்குள் அது என் கைக்கு வர வேண்டும். அவனைத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் யார் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தை இனி எந்த நாட்டிலும் வைக்க வேண்டாம்.

என்னைச் சிரிக்கச் சொன்ன பிள்ளை மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். பெயரை ஜனாப் காமில் இருமுறை கேட்டார், நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நல்லெண்ணத்தில்தான் சொன்னார். சொன்னதும் நடந்துவிட்டது. மகன் பார்த்தான்.

12. இத்துடன் மரணப் பதிவுக்கான விண்ணப்பம் ஒன்றின் பிரதியை இணைத்துள்ளேன். ஜனாப் காமில் நிரப்பித் தந்தார். பெயர், பிறந்த திகதி, தொழில் எல்லாம் சரி. இறந்த திகதி என்ற இடத்தில் என் கணவரைக் கொண்டுபோன திகதியைப் போட்டிருக்கிறார். கையெழுத்து மட்டும் வைக்கவில்லை. தங்கள் கடிதம் 17ஆம் திகதிக்குள் வந்தால் அந்தப் படிவத்தைக் கிழித்துவிடுவேன். வராவிட்டால் 18ஆம் திகதி காலையில் கையெழுத்து வைப்பேன். பெற்ற பிள்ளைக்காக வைப்பேன், பயப்பட மாட்டேன்.

18ஆம் திகதி சனிக்கிழமை, ஐயா. வலை பொத்தும் நாள். கையெழுத்து வைத்துவிட்டு வந்து அந்த வலையை நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் கடிதத்துக்காகத் தபாற்காரரைப் பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
பஸ்ரியன் அன்ரோனெற்

இடம்: தாழ்வுபாடு, மன்னார்
திகதி: 30.10.2017

இணைப்புகள்:
1. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, 15.02.2007
2. நூலின் 17ஆம் பக்கத்தின் பிரதியும் தமிழ் மொழிபெயர்ப்பும்
3. கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டை, பஸ்ரியன், 2017ஆம் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது
4. மரணப் பதிவு விண்ணப்பம், பஸ்ரியன், கையொப்பமிடப்படாதது