குழந்தை சாகமாட்டாள்

பாரிஸ்
அன்புள்ள குல்வென்,

நீயும் நம் மகள் எனோராவும் நலமா? அவளுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று பதிப்பாசிரியர் வாஸரோடு சின்னச் சண்டை. என் சித்திரக்கதையில் விண்வெளி வீரர்கள் இருவர் ஒரு குழந்தையைக் காத்துவருகிறார்கள் அல்லவா? "கடைசிப் பக்கத்துல குழந்தைய சாகடிச்சிடும்மா, ஜனங்க அழுதுக்கிட்டே வாங்குவாங்க" என்றார்.

"முடியாது சார். வேற ஆளை வெச்சு வரைஞ்சுக்குங்க" என்று படங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலைத் தாண்டுமுன் கத்தினார்: "சரியான பிடிவாதக்காரி! உயிரோடயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடி!"

அதனால் இந்த வாரமும் வீட்டுக்கு வர முடியாது. கதை முடிவில் வீரர்களில் ஒருவன் தூங்கும் குழந்தையைத் தோளில் சுமந்து வருகிறான். எனோரா உன் தோளில் தூங்கும்போது அவள் கை எப்படித் தொங்கும்? எவ்வளவு வரைந்தும் சரியாக வரவில்லை. ஒரு புகைப்படம் அனுப்பு. கதைக்குத் தேவையில்லைதான், ஆனாலும் உன் முகமும் தெரியட்டும்.

அவசரத்தில்,
மாரிவோன்