யாரும் அழுத்திப் பார்க்காத மணி

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: மேனேஜர் சுந்தரம், சமையல் பாண்டியம்மா, நம் முதியோர் இல்லத்துக்குத் தரச்சான்று கொடுக்கலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வந்த அதிகாரி அம்மா, பக்கத்துக் கட்டில்காரியான நீ, நான். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை. நேற்று சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஐந்து பேரும் என் நினைப்பில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டோம்.

இன்றைக்கு மறுபடி சோதிக்க வருகிறார்களாம். அழகர்கோவில் சாலையில் கார் சத்தம் கேட்டாலே வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

அந்தத் தடவையும் இப்படித்தான். வெள்ளை விரிப்பு, பூந்தொட்டி, குளியலறைச் சுவரில் அழைப்பு மணிக்கு ஒரு பொத்தான். பாண்டியம்மா நெய் ஒழுகக் கேசரி கிண்டினாள். செல்லூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்த உனக்கு, இழை எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கிற கண். பொத்தானுக்குப் பின்னால் ஒயரே இல்லை என்று முந்தின நாளே கண்டுபிடித்து என்னிடம் சொன்னாய்.

வந்த அம்மா கையில் நோட்டோடு கேட்டார்: "பாத்ரூம்ல மணி அடிச்சா ஆள் வர்றாங்களா பாட்டி?"

நீ வாயைத் திறந்தாய். நான் உன் காலை மிதித்தேன். "ராசாத்தி கணக்கா வச்சுப் பாத்துக்கிறாக தாயி. ஒரு கொறையும் இல்ல. கேசரி எடுத்துக்கங்க."

அவரும் எழுதிக்கொண்டார். அழுத்திப் பார்க்கவில்லை.

அவர் போனதும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஏ ராக்காயி, பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி பேசுற மாதிரில்ல பேசுன! எனக்கு எந்த ஊருல மாப்பிள்ள பாத்து வச்சிருக்க?"

"சோறு போடுற வீட்டுக் குத்தத்த விருந்தாளிகிட்டச் சொல்லுவாகளா?" என்றேன்.

"அவுக விருந்தாளி இல்லடி. நமக்காகக் கேக்க வந்தவுக. கேசரி திங்கவா அம்புட்டுத் தூரம் வந்தாக?"

எனக்குக் கோபம். உனக்கென்ன, போவதற்குத் தம்பி வீடு இருந்தது. என்னை வெளியே அனுப்பினால் மகன் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். மருமகள் அந்தக் கதவைத் திறக்க எம்புட்டு நேரம் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்தார் சுந்தரம். அதை நம்பித்தான் எத்தனையோ பிள்ளைகள் தாய் தகப்பனை இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

ஒரு மத்தியானம் அதே சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளிக் குளியலறையில் நீ வழுக்கி விழுந்திருக்கிறாய். காபி வேளைக்கு உன்னைக் காணோமே என்று தேடிப் போனேன். உயிர் போயிருந்தது. பொத்தான் மேல் உன் விரலிலிருந்த சோப்பு காய்ந்திருந்தது.

"வயசானவுக விழுகத்தான் செய்வாக" என்றார் சுந்தரம்.

இன்று காலை போய் அழுத்தினேன். சத்தமில்லை. "அப்பத்தா, போன தடவ மாதிரி அழகாச் சொல்லிருங்க" என்று சுந்தரம் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார். உனக்கு எழுதிய இந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன். வருகிறவர் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போகப்போகிறேன். "அழுத்திப் பாருங்க தாயி" என்பேன். அதற்கப்புறம் மருமகள் கதவோ, தெருவோ.

சுந்தரம் பிழைப்புக்காகச் செய்தார். அந்த அம்மா என் வாயை நம்பி எழுதினார். சாகிறதுக்குள் அவர்களை மன்னித்தாலும் மன்னிப்பேன். ராக்காயியை மாட்டேன்.