இடது சிறகின் தையல்

பிராண்டன்பர்க், ஜூன் 1894

மணல்மேட்டு மகாராஜாவுக்கு,

"நலம். அருமையாக இறங்கினேன்" என்று இந்த வாரமும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே தைக்க அனுப்பிய கிளைடர் துணியோ நான்காவது முறையாக இடது சிறகிலேயே கிழிந்திருக்கிறது.

மூட்டையை இறக்கிய தபால்காரர் கிராபோ, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பறக்குறாரா, விழுறாரா?" என்று சிரித்தார். "உங்க வண்டி மாதிரி ஒண்ணும் குடைசாயலை, போய் வேலையைப் பாருங்க" என்று உங்களுக்காகச் சண்டை போட்டேன்.

பிறகு துணியை அலசினேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகவில்லை. மணலுக்கு ஏது அந்த நிறம்?

இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். ஆனால் அனுப்பமாட்டேன். நீங்களே வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். நொண்டினால் வீட்டுக்குள் விடுவேன், சிறகைத் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பளமில்லாத தையற்காரி