நான்கு விரற்கடை மிச்சம்

என்னங்க,
சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

நேற்று ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து, "புத்தகம் பாக்காம மனக்கணக்குல பின்னினா இப்படித்தான் தொளதொளன்னு வரும்" என்று சிரித்தீர்கள். நான் உடனே போய்ப் படுத்தது கோபத்தில் இல்லை, பயத்தில். மூன்று மாதம் முன்பு உங்கள் மார்பின் குறுக்கே நூல் பிடித்து அளந்துதான் ஆரம்பித்தேன். காலையில் அந்த நூலை ஸ்வெட்டரில் வைத்தேன், சரியாக இருந்தது. முறுக்குப் பின்னலையும் இரண்டு தடவை எண்ணினேன், தப்பே இல்லை. பிறகு அதே நூலைத் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் மார்பின்மேல் வைத்தேன். நான்கு விரற்கடை மிஞ்சியது.

டாக்டரைப் பார்த்து நேரம் கேட்கப் போயிருக்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பி.கு.: ஸ்வெட்டரைப் பிரித்துச் சின்னதாகப் பின்னச் சொல்லாதீர்கள். மாட்டேன்.