படகுக்காரி சாகவில்லை

என் அருமை மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம். உன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபமும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கிறது. நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், திட்டு வாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா. போனில் திட்டினால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய், நானும் வெட்கம் கெட்டுச் சிரித்துத் தொலைப்பேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் வாயை மூடிக்கொண்டு படி, உன் அம்மா பள்ளிக்கூடம் போன லட்சணம் உனக்குத் தெரியாததா.

உன் தங்கைக்குத் திங்கட்கிழமை ஒப்பிலக்கியப் பரீட்சை. இரண்டு நாவலைப் படித்துவிட்டு இதற்கும் அதற்கும் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை என்று எழுத வேண்டும். நீ எழுதிய அதே பரீட்சை, நீ விட்டுப்போன அதே புத்தகங்கள். அந்தக் கழுதை வருஷம் பூராவும் கோட்டை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அழுதது, அதற்கான திட்டை அதற்குக் கொடுத்தாகிவிட்டது, இது உன் பங்கு. நீ பெரிய மனுஷன் மாதிரி, புத்தகத்தையே தொடாதே, கதையை நான் பேசி அனுப்புறேன், அதை அப்படியே மண்டையில ஏத்திக்கோ என்று சொல்லி அனுப்பினாயே, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சனிக்கிழமை அவள் அதைப் போனில் ஓடவிட்டுக் கேட்டாள், நான் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன். ரயில்வே கேட்டை மூடித் திறக்கிற வேலை பார்க்கிற ஒருத்தி ஓடிப்போன புருஷனுக்காகக் காத்துக்கிடக்கிறாள், அது ஒரு கதை. படகு ஓட்டுகிற ஒருத்தி வீட்டில் புருஷன் அடி தாங்காமல் வெள்ளத்தில் படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், அது இன்னொன்று. விடிந்து பார்த்தால் படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கிக் கிடந்தது, படகுக்காரி ஆற்றோடு போய்விட்டாள், முடிந்தது கதை என்றாய். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஊசியைக் குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

உன் அம்மாவுக்கு அத்தோடு விட வருமா. பாவி மகள் உடம்பாவது கிடைத்ததா, அந்தப் புருஷன் வந்து பார்த்தானா என்று உன் தங்கையை நச்சரித்தேன். அண்ணன் அதெல்லாம் சொல்லலம்மா, சும்மா இரேன் என்றாள். புத்தகத்துல பாருடி என்றேன். என் வாயை அடைப்பதற்காகப் புரட்டினாள், புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா, இவ சாகவே இல்லம்மா, அக்கரைச் சந்தையில உக்காந்து எவன்கூடவோ சண்டை போட்டுட்டு இருக்கா என்றாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். படகு கவிழ்கிற வரைக்கும் உன் பென்சில் கோடும் எண்ணெய்க் கறையும். அதற்கு அப்புறம் இஸ்திரி போட்ட விரிப்பு மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அடப்பாவி, உயிரோடு இருக்கிறவளைக் கொன்றுவிட்டு முதல் மார்க் வேறு வாங்கியிருக்கிறாய். உனக்கு எந்தக் கேள்வி வந்ததோ, தப்பித்தாய்.

அதற்குக்கூட எனக்குக் கோபமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்புத்தான். உடனே உனக்குப் போன் போட்டோமே, அப்போது நீ சொன்னதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஒற்றுமை மூணு வேற்றுமை மூணு எழுதினா மார்க் போட்டுடுவாங்கம்மா, அவ செத்தாளா பிழைச்சாளான்னு யார் பாக்கப்போறா, சின்னவளுக்கு அது போதும் என்றாய். சின்னவள் என் தோளை ஒட்டித்தான் நின்றாள், போன் ஸ்பீக்கரில் இருந்தது. உனக்கு நான் யாரோ போட்டுக் கழித்த பழைய செருப்பையா கொடுத்து வளர்த்தேன், அவளுக்கு மட்டும் என்னடா அது போதும். அவள் அழக்கூட இல்லை. பொறந்ததுல இருந்து இந்த வீட்டுல எனக்கு அண்ணன்கூட ஒப்பிலக்கியம்தானம்மா, நான்தான் எப்பவும் வேற்றுமை என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்குப் போகப்போவதில்லை என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உன் அப்பா கெஞ்சினார், அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லாண்டரியில் வேலை, ஓட்டல் விரிப்புகள் மலை மாதிரி வந்து கிடந்தன. பரீட்சைக்குப் போ போகாம இரு, அந்தப் படகுக்காரி எப்படித் தப்பிச்சான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது, வந்து படிச்சுக் காட்டு என்று இழுத்துக்கொண்டு போனேன். தலையணை உறை மூட்டை மேல் உட்கார்ந்து, மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் படித்தாள். விரிப்பு மடிக்க ஒரு முனையைப் பிடிக்க வந்தாலும் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். இது லாண்டரியா லைப்ரரியா என்று கத்திக்கொண்டே வந்த முதலாளியம்மா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டெலிவரி வேன் எடுக்க வந்த உன் அப்பா ரயில்வே கேட்டுக்காரி கட்சி. போறவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல என்று படகுக்காரியைக் குறை சொன்னார். சொன்னா விட்டிருவீங்களாக்கும் என்று நான் பிடித்துக்கொண்டேன். அவர், காத்திருக்கிறதுக்கும் தைரியம் வேணும்டி என்றார். நான், போறதுக்கு மட்டும் என்ன பயந்தவளா போவா என்றேன். சண்டை முற்றி அவர் டெலிவரி மூட்டையை மாற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார், யாரோ ஒரு வக்கீல் வீட்டுக்குச் சமையல்காரர் ஏப்ரன்கள் போயிருக்கின்றன. உன் தங்கை படிப்பதை நிறுத்தி எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனா எங்கம்மா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை போனாள். இரண்டு பெண்களின் முடிவுகளையும் ஒப்பிடுக என்று கேள்வி வந்ததாம். நீ அனுப்பியதை நம்பிப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று நீயே நினைத்துப் பார், அதற்குத்தான் இத்தனை காகிதத்தையும் வீணடிக்கிறேன். வெளியே வந்தவளிடம் எப்படிடி என்றேன். காத்திருந்தவ ஒவ்வொரு ரயிலுக்கும் கேட்டை மூடித் திறந்தா, போனவ ஒரே ஒரு தடவை வீட்டுக் கதவைத் திறந்துட்டுப் போனா, ரெண்டு பேரையும் உசத்தி தாழ்த்தின்னு சொல்லாம எழுதினேன், மார்க் என்ன வருமோ தெரியாது, ஆனா நான் யாரையும் கொல்லலம்மா என்றாள். எனக்கு அங்கேயே வாசலில் அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. நீ வெள்ளைச் சட்டையோடு கலர் துணியைப் போட்டு ஊறவைக்காதே, போன தடவை கொண்டுவந்த சட்டையெல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தது, லாண்டரிக்காரி மகன் என்று வெளியே சொல்லிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. ஆற்றுப்பக்கம் போனால் ஜாக்கிரதை, உன் கதையில் எல்லோரும் மூழ்கிவிடுகிறார்கள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், என்னிடம் திட்டு வாங்கவாவது இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இதைப் படித்ததும் உன் தங்கையைக் கூப்பிடு. மார்க்கைப் பற்றிப் பேசாதே, எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேட்காதே. படகுக்காரி அக்கரைக்கு எப்படிப் போனாள் என்று மட்டும் கேள். உனக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பாதிக் கோபம் இன்னும் பாக்கி வைத்திருக்கும்
உன் அம்மா